பின்சுவரைக் கும்பிட்டவர்

பெரியம்மாவை நினைத்தால் முதலில் அந்தக் கரண்டிதான் கண்ணில் வரும். புக்கிட் ரோத்தான் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா என்றால், அன்னதானச் சமையல் கோயிலுக்குப் பின்னால் நடக்கும். தீபாராதனை மணி அடித்ததும் பெரியம்மா சாம்பார்க் கரண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கருவறையின் பின்சுவரைப் பார்த்துக் கும்பிடுவார். முன்னால் போய்ப் பார்க்கக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "சோறு அடிபுடிச்சா ஆத்தா வந்து கெளறுவாளா? நான் இங்கதான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியும் லா" என்றார். மற்ற நாட்களில் ஆத்தாவைப் பார்ப்பவர்தான். திருவிழா அலங்காரத்தில் மட்டும் பார்த்ததே இல்லை.

பிறகு நாங்கள் ரவாங்கில் தொழிற்சாலை, அலுவலகம் என்று வேலைக்குப் போனோம். வெங்காயம் உரிக்க லீவு எடுக்க முடியாது என்று பெண்களாகச் சேர்ந்து சொல்லி, சமையலைக் கேட்டரிங்கிடம் விட்டோம். அந்த வருடம்தான் பெரியம்மா முதன்முதலாகத் திரைக்கு முன்னால் நின்றார். திரை விலகியதும் கும்பிடக்கூட மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்து, "மூக்குத்தி போட்டிருக்காடி, இம்மாம் பெருசு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைவிட நல்ல காரியம் நாங்கள் எதுவும் செய்ததில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அடுப்பு போன இடத்தில் கடைக்கு அலையும் வேலை வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சேலை, தட்டு அலங்காரம், பெயர் போட்ட பேனர், படம் எடுத்துக்கொள்ளப் பூ வளைவு. எல்லாம் வாங்குவதுதான், எல்லாம் பெண்கள் பொறுப்புதான். ஆண்கள் அன்றும் இன்றும் முன்வரிசையில் நிற்கிறார்கள். இந்த வருடம் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வேலை முடிந்து ஃபோனும் கையுமாக அலைந்து அலைந்து, சாமி கும்பிடும் ஆசையே எனக்கு வற்றிப்போயிருந்தது.

திருவிழாவன்று சாப்பாட்டு லோரி தஞ்சோங் காராங் பக்கம் வழிதவறிப் போய்விட்டது. கோயில் வாசலில் நின்று ஃபோனில் வழி சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியம்மா என்னைக் கூப்பிட வந்தார்.

"இன்னும் தெர தெறக்கல, வா."

"லோரி வரல பெரியம்மா. நீங்க போங்க."

ஃபோனுக்குக் கை நீட்டினார். "குடு, நான் நிக்கிறேன். எனக்குப் பழக்கம்தானே. நீ போய்ப் பாரு புள்ள."

உள்ளே மணி அடித்தது. அவரை மறுபடியும் வெளியே நிறுத்திவிட்டு நான் எப்படிப் போவது? நான் நகரவில்லை, என்னை விட்டுவிட்டு அவரும் நகரவில்லை. லோரி வந்து சேர்ந்தபோது உள்ளே திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.