காற்று வாங்க வந்தவர்

அப்பா வந்தார், வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு. அம்மா வந்தார். அம்மாவின் தங்கை, எனக்குச் சின்னம்மா, பச்சைச் சேலைக்கு மேல் அம்மாவின் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பிறகு நான். எனக்கு ஏழு வயது.

லண்டன் லூயிஷாமில் இருந்து விடியவே வெளிக்கிட்டோம். வேல்ஸில் கடல் பார்க்கப் போகிறோம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பெரியவர்கள் போனது சின்னம்மாவுக்கு மாப்பிள்ளை பார்க்க. மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. ஊரில் என்றால் இப்படியான காரியத்துக்குக் கோயிலில் சந்திப்பார்கள். இரண்டு பகுதியும் கும்பிட வந்ததுபோல் நிற்கும். பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் வெட்கமில்லை, அவரவர் வழியில் போகலாம். அந்த ஊரில் கோயில் இல்லாதபடியால் அப்பா கடற்கரையைக் கோயிலாக்கினார்.

ரயிலில் சின்னம்மா சொன்னார்: "பிடிக்காட்டி ஏலாதெண்டு சொல்லுவன் அத்தான். பிறகு என்னை ஏசக்கூடாது."

"ஆர் ஏசுறது? நாங்கள் கடல் பாக்கத்தானே போறம்," என்றார் அப்பா.

இறங்கும்போது மழை ஊற்றியது. கடற்கரையில் ஈ, காக்கை இல்லை. மழைக்கு ஒதுங்கும் கொட்டகையில் ஒரே ஒரு ஆள் கோட்டும் டையுமாக நின்றார்.

பேசிவைத்தபடி அப்பா கேட்டார்: "தம்பி தமிழோ?"

"ஓம் அண்ணை. சும்மா காத்து வாங்க வந்தனான்."

அவர் தலையில் இருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார்.

பிறகு அம்மா சாப்பாட்டுப் பையைத் திறந்தார். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். நாங்கள் நாலு பேர், பார்சல் ஐந்து. அவர் அதைக் கண்டுவிட்டார்.

"அக்கா, அஞ்சாவது ஆருக்கு?"

சின்னம்மா கடலைப் பார்த்தபடி சொன்னார்: "காத்து வாங்க வாறவைக்கு."

அன்று அந்த இரண்டு பேருக்கும் இடையில் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

நான் கடலைத் தொடப் போய் முழங்கால்வரை நனைந்து வந்தேன். அம்மா ஏசத் தொடங்கினார். காற்று வாங்க வந்தவர் குந்தியிருந்து என் சப்பாத்தைக் கழற்றி, சொக்ஸைப் பிழிந்து, தன் மப்ளரால் என் காலைச் சுற்றிக் கட்டினார். "குளிருதோ பிள்ளை?" என்று இரண்டு தரம் கேட்டார். சின்னம்மா வாய்க்குக் கொண்டுபோன புட்டைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் ரயிலில் அப்பாவும் அம்மாவும் சின்னம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயந்து ஜன்னலைப் பார்த்தார்கள். சின்னம்மா என்னை மடியில் இழுத்து வைத்தார்.

"அந்த ஊர் உனக்குப் பிடிச்சுதோ?"

"ஓம். கடல் பெரிசு."

"அங்கை திரும்பவும் வருவியோ?"

"ஓம். ஒவ்வொரு சனிக்கிழமையும்."

சின்னம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "அப்ப ஓமெண்டு சொல்லிவிடுங்கோ அத்தான்," என்றார். அம்மா அழுதார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. எல்லோருமாக இன்னொரு தரம் கடல் பார்க்கப் போகிறோம் என்று நினைத்தேன். போகப்போவது சின்னம்மா மட்டும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

சின்னம்மா கலியாணம் முடித்துப் போன முதல் வருடம் முழுக்க நாங்கள் அங்கே போனது இரண்டு தரம்.