பூட்டுக்கு ஒரு புள்ளடி

என் கையெழுத்துக்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் கடையில் அரிசி மூட்டைகளின் மேல் போட்ட அடையாளங்கள்தான். எந்த இடத்தில் 'ர', எந்த இடத்தில் 'ற' என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். மகள் திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். திருத்தும்போது கேள்வி கேட்பாள். கேட்டால் மிச்சத்தை நான் எழுதமாட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜிந்துப்பிட்டியில் ஓர் ஒழுங்கையில், ஒடுங்கிய சந்து ஒன்றில், இருந்தோம். முப்பது வீடுகள், ஒரே தண்ணீர்க் குழாய். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, வெளிநாடு போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தமிழர்கள் பொலிசில் பதிந்து வைக்க வேண்டிய காலம் அது. மாமாவின் பெயரைப் பதிய அப்பா திங்கட்கிழமை போவதாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிய பொலிசார் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். பதிவில் பெயர் இல்லாத ஆள் எங்கள் வீட்டில் ஒருவர்தான் இருந்தார். கொண்டு போய்விட்டார்கள்.

ஐந்து மாதமாயிற்று. ஒவ்வொரு வியாழனும் அம்மா இரண்டு பஸ் மாறித் தடுப்பு முகாமுக்குப் போய் வந்தாள். மற்ற நாட்களில் அவள் பேசுவது குறைவு. நானோ பிறவியிலேயே பேச்சுக் குறைந்தவன். அப்பா வேலையால் வந்தவுடன் படுத்துவிடுவார். வீடு அப்படித்தான் இருந்தது.

அந்த நேரத்தில் மாநகர சபைக்குத் தேர்தல் வந்தது. கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் பூட்டுச் சின்னத்தில் நின்றார். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கும் வந்து, இருந்த ஒரே கதிரையில் உட்கார்ந்து, பிளேன்டீயைப் பாதி குடித்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா, நான் மட்டும் தேர்தல்ல வெண்டா, அடுத்த நாளே நேர போய்க் கதைச்சு ஆளை எடுத்துத் தாறன். இந்த ஒழுங்கை வோட்டு முழுக்க எனக்கு வரவேணும். அது உங்கட பொறுப்பு."

அவர் போன பிறகு அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தபடியே சொன்னார்.

"முனிசிப்பல் மெம்பர் ஊத்தைத் தண்ணிக் கான் துப்புரவாக்கத்தான் ஏலும். தடுப்புக் காம்புக் கதவு திறக்க ஏலுமே?"

"நீங்கள் போய்த் திறந்தனீங்களே?" என்றாள் அம்மா.

அப்பா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் தொடங்கி, சமையல் முடிந்ததும் அம்மா வீடு வீடாகப் போனாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே மாதிரி வாக்குச்சீட்டைப் பிடித்துக்கொண்டு நானும் கூடப் போனேன். எல்லா வாசலிலும், பெருக்கல் குறி மாதிரி விரலால் காற்றில் கீறிக் காட்டி, ஒரே பேச்சு. "பூட்டுக்கு ஒரு புள்ளடி போடுங்கோ. பிறகு கீழ முதலாளிட பன்ரண்டாம் நம்பருக்கு ஒரு புள்ளடி. மறந்து போகாதேங்கோ, என்ர தம்பிக்காகத்தான் கேக்கிறன்." எல்லோரும் ஓம் என்றார்கள். சிலர் கதவை முழுதாகத் திறக்காமலே ஓம் என்றார்கள். கடைசி வீட்டுத் தையற்கார மாமி மட்டும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏன் அக்கா, பூட்டுக்குப் போட்டா ஒங்க தம்பியத் தொறந்து விடுவாங்களா, இல்ல இன்னும் இறுக்கிப் பூட்டுவாங்களா?"

அம்மா சிரித்துவிட்டாள். ஐந்து மாதத்தில் அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் கணக்குக் கொப்பி முழுவதும் புள்ளடிதான். சரியான விடைக்கு ரீச்சர் சரி போடுவார், பிழையானதற்குச் சிவப்பு மையில் புள்ளடி போடுவார். அப்படியானால் பூட்டுக்குப் புள்ளடி போட்டால் பூட்டு பிழை என்றுதானே ஆகும்? அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அதனால் தலைகீழாக விளங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், படிக்காதவள் என்று நான் குத்திக்காட்டியது போல இருக்கும்.

தேர்தல் சனிக்கிழமை. வியாழன் அம்மா முகாமுக்குப் போனாள். அன்று பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் புத்தகப் பையை வைத்துவிட்டு முதல் வீட்டு வாசலில் போய் நின்றேன். தட்டுவதற்குக் கை எழும்பவில்லை. முகாமில் மாமா இருப்பதை நினைத்துக்கொண்டு தட்டினேன்.

"அம்மா பிழையாச் சொல்லிப்போட்டா. பூட்டுக்குப் புள்ளடி போடாதேங்கோ. சரி போடுங்கோ."

முப்பது வீடுகளில் எங்கள் வீடு போக இருபத்தொன்பது கதவையும் தட்டினேன். அவ்வளவு பேரோடு நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. தையற்கார மாமி, "யாரு சொன்னது தொரை?" என்று கேட்டார். "எங்கட ரீச்சர்" என்றேன். "அப்ப சரி" என்று என் கன்னத்தைக் கிள்ளினார்.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் விரலில் மையோடு வந்தார்கள். "சரி போட்டனீங்களோ?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"புள்ளடிதான்டா. சுவரிலயும் பெரிசாப் புள்ளடி கீறி ஒட்டியிருந்தவங்கள்."

ஒழுங்கைக்கு ஓடினேன். போக வேண்டியவர்கள் போய் வந்துவிட்டார்கள்.

முதலாளி தோற்றுப்போனார். எங்கள் பக்கத்தில் கன வோட்டுப் பழுதாகி, செல்லாமல் போனதாகக் குழாயடியில் கதைத்தார்கள். எந்த அடையாளத்தால் பழுதானது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்து ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். தெரிந்துவிட்டது, வெறுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமா இன்னும் ஒன்பது மாதம் உள்ளே இருந்தார். பிறகு ஒரு பின்னேரம், யாரும் போய்க் கதைக்காமலே, வாசலில் வந்து நின்றார். ஒரு காது கேட்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். நான் வேண்டுமென்றே எப்போதும் அந்தப் பக்கத்தில்தான் உட்காருவேன். சில நாட்களில் "மாமா, நான்தான்" என்று மெல்லச் சொல்லியுமிருக்கிறேன். அவர் வெளிநாடு போகும்வரை அது அவருக்குக் கேட்கவில்லை.

எனக்கு வோட்டு வயது வந்து, முதல் முறை போட்டுவிட்டு வந்த அன்று அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"தெரியும். அண்டைக்கு இரவே தையற்கார மாமி வந்து சொல்லிச் சிரிச்சவ."

"பிறகேன் போய்த் திருத்தேல்லை? வெள்ளிக்கிழமை முழுக்க இருந்ததெல்லே?"

"ஏலாமப் போச்சடா. திரும்பவும் அத்தனை வாசல்லயும் போய் நிக்க எனக்கு ஏலாமப் போச்சு. அண்டைக்கு காம்பில தம்பியைப் பாக்கவும் விடேல்லை. காலமை தொடக்கம் வெயிலுக்க நிண்டிட்டு வந்தனான்." ஒரு பிடி கீரையை ஆய்ந்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "நீ உன்னால எண்டு நினைச்சியே? நான் என்னால எண்டெல்லோ இருந்தனான்."

அந்த வியாழக்கிழமை எனக்கு இப்போதும் நல்ல நினைவு. இருட்டும் நேரம் அம்மா வந்து செருப்பைக் கழற்றாமல் நிலத்தில் இருந்தாள். மாமாவுக்குக் கொண்டு போன பயற்றம்பணியாரப் பார்சல் கட்டு அவிழாமல் மடியில் இருந்தது. எடுக்கட்டோ என்று கேட்டேன். ஓம் என்பது போலத் தலையை ஆட்டினாள். மாமாவுக்கு அலுத்துப் போயிற்றாக்கும் என்று நினைத்து, அவளுக்கு முன்னால் இருந்தே அவ்வளவையும் தின்று முடித்தேன். நல்ல ருசியாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

எழுதி முடித்தது: காலமான அம்மாவுக்கு விரதமிருந்த சித்திரா பௌர்ணமிக்கு மறுநாள், காலை.