மீசைக்காரன் மூக்கில் பச்சை விளக்கு

என் சித்தி லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் தானே மாட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து கத்திக் கத்தி வழி சொல்லி, கட்டிட வாட்ச்மேனை வைத்தே சரிசெய்து வெளியே வந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு 'ரெண்டரை' என்று பேர். கோபமே வராது. போனை எடுத்தாலே, "ரெண்டரை பேசுறேன், எத்தனாவது மாடி?" என்பாள்.

கிட்டாரும் லிஃப்டில் கிடைத்ததுதான். வீட்டைக் காலி செய்த யாரோ மறந்துவிட்டுப் போனது. மூன்று மாதம் காத்திருந்தாள், யாரும் தேடி வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடி மோட்டார் அறைகளில் உட்கார்ந்து தானாகவே கற்றுக்கொண்டாள். இப்போது மூன்று பேர் கொண்ட ஒரு குழுவில் அவள்தான் கிட்டார். கீபோர்டு ஒரு கணக்கு வாத்தியார். டிரம்ஸ் அடிப்பவர் வேன் டிரைவர். அவரை எல்லோரும் 'இடி' என்போம், அடிப்பதைக் கேட்டால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள்.

அந்தச் சனிக்கிழமை நான்கு மணிக்கு எங்கள் முறை. ஊர்ப் பொது மண்டபத்தில் மாதாமாதம் வாசிக்க ஒரு குழுவை மேலாளர் தேர்ந்தெடுக்கப் போகிறார். பாட்டின் கடைசியில் நாற்பது செகண்டு சித்தி மட்டும் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த நாற்பது செகண்டைச் செய்ய அவளுக்கு இரண்டு வருடம் ஆனது. நாங்கள் எல்லோரும் தூக்கத்தில்கூட அதை முணுமுணுப்போம்.

சிக்கல் என்னவென்றால், ஒரு வாரமாக அந்த இடம் வந்தாலே சத்தம் கிழிந்தது.

சித்தியின் காலடியில் வரிசையாக மூன்று பெடல்கள், காலால் மிதித்துப் போட்டு அணைக்கும் சின்னப் பெட்டிகள். முதலாவது டிஸ்டார்ஷன், கிட்டாரை வேண்டுமென்றே கரகரப்பாக்கும். இரண்டாவது பூஸ்ட், தனி வாசிப்பின்போது சத்தத்தைத் தூக்கிவிடும். மூன்றாவது எக்கோ, எதிரொலி சேர்ப்பது. பழையது பழுதானதால் போன வாரம் இடி இரவல் வாங்கிவந்த பெட்டி அது. மொட்டையாக இருக்கிறதே என்று, சித்தி கண்ணில் படும் முன்பே அதன்மேல் ஒரு மீசைக்காரன் ஸ்டிக்கரை நான் ஒட்டிவிட்டேன். மூன்றையும் தாண்டித்தான் சத்தம், அதைப் பெரிதாக்கும் ஆம்ப்புக்குப் போகும்.

மூன்று மணிக்கு மண்டபத்தின் பின்னறையில் கடைசி ஒத்திகை. சித்தி பூஸ்டை மிதித்தாள். டர்ர்ர்!

"என்னக்கா, தகரத்த ஆணியால கீறுற மாதிரி இருக்கு" என்றார் இடி.

சித்தி ஆம்ப்பைக் குறைத்து மறுபடி வாசித்தாள்.

"இப்ப மெதுவா கிழியுது. முன்னேற்றம்தான்" என்றார் வாத்தியார்.

வயரை மாற்றினாள். அதே கதை. கடைசியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "சரி, மாடி மாடியா போவோம்."

லிஃப்டைப் பார்க்கும்போதும் அப்படித்தான். தரைத்தளத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி, வாசலில் இரும்பு ஸ்கேலை வைத்து மட்டம் பார்ப்பாள். ஒரு மாடியையும் தாண்டிப் போகமாட்டாள். மூன்று பெடலையும் அணைத்தாள். சுத்தமான சத்தம். டிஸ்டார்ஷனைப் போட்டாள். சரி. பூஸ்ட். அதுவும் சரி. எக்கோவை மிதித்ததும் டர்ர்ர்.

"பெட்டி போச்சு" என்றாள் சித்தி. எக்கோ இல்லாமல் அந்த நாற்பது செகண்டு எழுந்து நிற்காது, அது எல்லோருக்கும் தெரியும்.

இடி தலையைச் சொறிந்தார். "அப்ப அந்த எடத்த கீபோர்டுக்குக் குடுத்துரலாமாக்கா?"

"குடுத்துருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். எப்போதும் வளையம் வளையமாக அழகாகச் சுற்றுகிறவள், அன்றைக்கு முழங்கையில் போட்டுக் கயிறு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதைப் பார்க்க முடியவில்லை.

"சித்தி" என்றேன், "அந்த மீசைக்காரனுக்குக் கீழ ஏதோ இருந்துச்சு."

"என்ன ஏதோ?"

"மச்சம் மாதிரி. கண்ணாடில செஞ்சது."

மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்த ஸ்டிக்கராலும் மூட முடியாது. ஓடிப்போய் உரித்தேன். பொட்டு அளவு விளக்கு ஒன்று. சித்தி வயரை மறுபடி செருகி ஒரு கம்பியை மெல்லத் தட்டினாள். பச்சை. பூஸ்டை மிதித்துத் தட்டினாள். ரத்தச் சிவப்பு, கூடவே டர்ர்ர்!

சித்தி துள்ளி எழுந்தாள். "பெட்டி கெடல! ஆறு பேர் ஏறுற லிஃப்ட்ல பத்துப் பேர ஏத்திட்டு, லிஃப்ட் மேல பழி போட்டிருக்கேன்! இது ஓவர்லோடு விளக்கு. பாவம், வாரம் பூரா அது கத்தியிருக்கு, இந்த வாலு அதுக்கு மீசை வெச்சு மூடியிருக்கா!"

"அப்ப பூஸ்டத் தூக்கிப் போட்டுரலாமா?" என்றார் வாத்தியார்.

"ஏன்? எடம் மாத்துனாப் போதும். எக்கோக்கு முன்னாடி தூக்குனா அதோட கூரையில தலை இடிச்சுத் தட்டையாகுது. அதத் தாண்டினப்புறம் தூக்குவோம். ஆம்ப்ல இன்னும் எடம் கிடக்கு."

மணி மூன்று நாற்பது. இரண்டு பெட்டிகளும் இடம் மாறின. டிஸ்டார்ஷனின் கரகரப்புக் குமிழை அவள் தொடவில்லை. "இது நான் கூப்பிட்டு வந்த விருந்தாளி, இருக்கட்டும்" என்றாள். எக்கோவுக்குச் சுமை குறையட்டும் என்று, பக்கத்தில் இருந்த சத்தக் குமிழை மட்டும் இறக்கினாள். போடு, அணை, போடு, அணை. போட்டாலும் அணைத்தாலும் சத்தத்தின் உயரம் ஒன்றாக வரும்வரை விடவில்லை. ஸ்கேல் இல்லாமல் காதாலேயே மட்டம் பார்த்தாள்!

பிறகு என்னிடம் கை நீட்டினாள். "எங்கடி உன் மீசைக்காரன்?"

கிழித்து எறியப்போகிறாள் என்று நினைத்தேன். ஸ்க்ரூடிரைவரால் மூக்கில் ஒரு ஓட்டை போட்டு, விளக்கு சரியாக மூக்கில் வரும்படி பெட்டியிலேயே ஒட்டினாள். "உனக்குத் தண்டனை, மேடையில இது பக்கத்துல உக்காரு. மூக்கு செவந்தா கையத் தூக்கு."

நான்கு மணி. மேலாளர் முன்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு ஓடியது. கடைசி இடம் வந்தது. சித்தி பூஸ்டை மிதித்தாள்.

கிழியவில்லை. ஐயோ, எழுந்தது! சத்தம் கூரைவரை போய், எக்கோ அதன் தோளில் ஏறி, அதற்கும் மேலே போனது. இடி அடித்துக்கொண்டே, "அக்காஆஆ!" என்று கத்தினார். நான் மூக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, அதனால்தான் கண்ணில் தண்ணீர் வந்தது, வேறொன்றும் இல்லை.

முடிந்ததும் மேலாளர் போனைப் பைக்குள் போட்டார். "மாசா மாசம் நீங்களே வந்துருங்க. அந்தக் கடைசி எடத்த மட்டும் இன்னொருதரம் வாசிக்கிறீங்களா?"

சித்தி அவரைப் பார்க்கவில்லை. குனிந்து என்னைப் பார்த்தாள்.

"மூக்கு என்ன நெறம்?"

"பச்சை, சித்தி!"

மிதித்தாள்.