‘வட்டைத் துடைக்கவா?’ன்னு கேட்டா ஆமான்னுதானேய்யா சொல்லுவாக!

இன்னைக்குக் காலையில கடை ஷட்டரைத் தூக்குறேன், வாசல்ல பஞ்சவர்ணக்கா. இடுப்புல சிபியு!

(பச்சப்பிள்ளையத் தூக்கிட்டு வந்த மாதிரி. சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது.)

அக்காவைத் தெரியாதவங்களுக்கு: எங்க அருப்புக்கோட்டையில பவர்லூம் சேலைக்கு பார்டர் டிசைன் போடுறவுக. அன்னம், மாங்கா, கோபுரம்னு கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா வரைஞ்சு தறிக்குக் குடுப்பாக.

என்னைத் தெரியாதவங்களுக்கு: பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை. மிச்ச நேரத்துல, ஒரு ஓப்பன் சோர்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட யூசர் கைடைத் தமிழ்ல எழுதிப் பராமரிக்கிற வாலன்டியர்.

(ஆமா, சும்மாதான். எங்க வீட்டுலயும் இதே கேள்விதான் கேக்குறாங்க.)

அக்கா கம்ப்யூட்டர்ல அந்த சிஸ்டத்தைப் போட்டுவிட்டதே நான்தான். புது வெர்ஷன் வந்திருக்கு, நீங்களே போட்டுக்கலாம்க்கான்னு தமிழ் கைடை பிரிண்ட் எடுத்து, ஸ்டேப்ளர் அடிச்சுக் குடுத்ததும் நான்தான்.

"ஜமீலா, எல்லாம் பேப்பர்ல இருந்தபடிதான் செஞ்சேன். ஆனா என் டிசைன் ஒண்ணைக்கூடக் காங்கலத்தா."

"என்னக்கா செஞ்சீக?"

"வட்டைத் துடைக்கவான்னு கேட்கும், துடைக்கணும்னா முத பட்டனை அமுக்கவும்னு போட்டிருந்துச்சு. நாளைக்கு ஆயுத பூசைல்ல? தறியெல்லாம் துடைச்சாச்சு. இது மட்டும் தூசியோட கெடக்கணுமான்னு நேத்து மத்தியானம் அமுக்கிட்டேன்."

சிபியுவை வாங்கி மெதுவா மேசை மேல வச்சேன்.

"வட்டுன்னா என்னன்னு ஒரு போனு போட்டுக் கேட்டிருக்கலாம்லக்கா?"

"வட்டுன்னா பாண்டி விளையாடுறப்ப எறியிற ஓட்டாஞ்சில்லு. அது எதுக்குக் கம்ப்யூட்டருக்குள்ள கெடக்குன்னு யோசிச்சேன்தான். துடைக்கத்தானே சொல்றாக, துடைச்சா நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

எட்டு வருஷத்து டிசைன். மொத்தமும், அந்தப் பேப்பர் ‘வட்டு’ன்னு சொன்ன ஒரே டிஸ்க்ல. வேற எங்கயும் காப்பி இல்ல.

"தீவாளிக்குப் புது பார்டர் ஒண்ணு ஒத்துக்கிட்டிருக்கேன். முக்காவாசி முடிச்சிட்டேன். தறிக்காரரு காத்துக்கிட்டிருக்காரு. அதுவும் போச்சாத்தா?"

திட்டியிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன். அவுக எம்மேல கோவமே படல. அதைத்தான் என்னால தாங்க முடியல.

ஏன்னா நான் எழுதுனது அது இல்லைய்யா!

நான் எழுதுனது இது: "டிஸ்கில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்கும். அழித்தால் திரும்ப வராது. பயமாக இருந்தால் இரண்டாவது பட்டனை அழுத்துங்கள்."

இதுல எவன் கை வச்சதுன்னு எடிட் ஹிஸ்டரியைத் திறந்தேன்.

தமிழ்ப் பக்கங்களைச் சரிபார்க்கிற ஒரு பெரிய மனுசன். எங்கயோ தூரத்து ஊர்ல இருக்காரு. மாத்துனதுக்குக் காரணமும் எழுதி வச்சிருக்காரு:

"மூலத்தில் ‘வைப்’ (wipe) என்று உள்ளது. அதன் பொருள் துடைத்தல். முன்பிருந்தது மொழிபெயர்ப்பு அன்று, அச்சுறுத்தல்."

அச்சுறுத்தத்தான்யா எழுதுனேன்!!

கரண்டு கம்பத்துல மண்டையோடு மாட்டி ‘அபாயம்’னு எழுதியிருக்கே, அதையும் கழட்டிட்டு ‘மின்சாரம் பாய்கிறது’ன்னு எழுதுவீரா?

‘திரும்ப வராது’ங்கிற வரியைக் காணோம். அது மூலத்துல இல்லையாம், தூக்கிட்டாரு. இங்கிலீஷ்காரனுக்கு ‘வைப்’னா சர்வநாசம்னு தெரியும். எங்க ஊர்ல துடைக்கிறதுன்னா சுத்தம் பண்றது. சாமி படத்தைத் துடைப்போம், தறியைத் துடைப்போம், பிள்ளை மூக்கைத் துடைப்போம். துடைச்சா எதுவும் காணாமப் போகாதுய்யா!

இதையெல்லாம் அங்கயே டைப் பண்ணிக்கிட்டு இருந்தேன். அப்பதான் கீழ இன்னொரு வரி கண்ணுல பட்டுச்சு.

"மாற்றத்துக்கு ஒப்புதல் அளித்தவர்: ஜமீலா."

நான்தான்.

ஞாபகம் வந்துருச்சு. மதுரைக்குப் போற பஸ்ஸு, காரியாபட்டி தாண்டி, ஒத்தைக் கையில கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டே மெயிலைத் திறந்தேன். ஒரு அத்தியாயம் முழுக்க திருத்தம். எவ உக்காந்து படிக்கிறதுன்னு மொத்தத்துக்கும் ‘ஏற்கிறேன்’னு அமுக்கிட்டேன்.

அக்காவாவது படிச்சுட்டு அமுக்குனாக. நான் படிக்காமயே அமுக்கியிருக்கேன்.

திரும்ப ‘அழிக்கவா’ன்னு மாத்துனேன். வடை வாங்கிட்டு வர்றதுக்குள்ள அந்தப் பெரிய மனுசன் மறுபடி ‘துடைக்கவா’ன்னு மாத்திட்டாரு! "உணர்ச்சிவசப்பட வேண்டாம்"னு ஒரு அட்வைஸ் வேற!

பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டே இருந்த அக்கா, "நவுருத்தா"ன்னு கீபோர்டை இழுத்தாக. ஒவ்வொரு எழுத்தாத் தேடித்தேடி அவுகளே அடிச்சாக:

"ஐயா வணக்கம். நான் சேலை பார்டர் வரையிற பஞ்சவர்ணம். அழிக்கவான்னு கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். நீங்க துடைக்கவான்னுதானே கேட்டீங்க."

நான் மறுபடியும் ‘அழிக்கவா’ன்னு போட்டேன். இந்தத் தடவை யாரும் கை வைக்கல!

ஆனா டிஸ்க்? ரெக்கவரி சாப்ட்வேர் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. இதுவரைக்கும் வந்தது கொஞ்சம். அதுலயும் அன்னத்துக்குத் தலை இல்ல. தீவாளி பார்டர் வரவே இல்ல, அக்கா அதைப் புதுசா வரைய ஆரம்பிச்சுட்டாக.

பழைய டிசைனெல்லாம் இப்ப உங்க வீட்டு பீரோவுலதான் இருக்கு! அருப்புக்கோட்டைச் சேலை வச்சிருக்கவங்க பார்டரை நேரா விரிச்சு, வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து கமெண்ட்ல போடுங்க. தன்னோடது எதுன்னு அக்கா பார்த்ததும் சொல்லிருவாக.

நாளைக்கு பூசை. வீட்டைத் துடைங்க, வண்டியைத் துடைங்க, தறியைத் துடைங்க.

கம்ப்யூட்டர் கேட்டா மட்டும் வேண்டாம்னு சொல்லிருங்க!