பிள்ளைக்காம்பராக் கடிகாரம்

என் மகளுக்கு அப்போது ஆறு மாதம். நான் பண்டாரவளையில் போன் பழுது பார்க்கிறவன். மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். பகலில் பிள்ளை, தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் இருக்கும். பத்து மணிக்குத் தாய்மார் மலையிலிருந்து இறங்கி வந்து பால் கொடுக்கலாம். ஆனால் மலையில் மணி பார்ப்பது யார்? கங்காணிக்கு ஞாபகம் வந்தால் குரல் கொடுப்பார். மனைவி போன் கொண்டு போவதில்லை. மழையில் நனைந்து ஒன்று ஏற்கெனவே செத்துப்போனது, அதுவும் போன் பழுது பார்க்கிறவன் வீட்டில்!

எனக்கு ஒரு யோசனை வந்தால் அதை முடிக்கும்வரை சோறு இறங்காது. மலையிலிருந்தே தெரியும்படி பெரிய எழுத்தில் ஒரு டிஜிட்டல் கடிகாரம் செய்து பிள்ளைக்காம்பராக் கூரையில் மாட்டினேன். மூளை, நகத்தளவு மைக்ரோகண்ட்ரோலர். அதோடு விட்டேனா? பிள்ளைகள் பார்க்கட்டும் என்று உள்ளே சுவரைச் சுற்றி வண்ண விளக்குகள் ஓடவிட்டேன். அதற்கும் அதே மூளைதான்.

முதல் நாளே மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"பத்தாகலன்னு உங்க கடிகாரம் காட்டுச்சு. அது பத்து காட்டுனதும் இறங்கி வந்து கேட்டா பத்தேகாலாம். பிள்ளைக்குத் தொண்ட கட்டிப் போச்சு. கங்காணி கூப்பிட்டிருந்தாலே நேரத்துக்கு வந்திருப்பேன்."

சுருக்கென்றது. தினமும் காலை ஏழு மணிக்குப் பிள்ளையை விடும்போது போனைப் பார்த்துச் சரிசெய்தேன். பத்து மணிக்குள் ஒருநாள் ஆறு நிமிடம் பின்தங்கியது, மறுநாள் பதினொன்று. குளிர்தான் காரணம் என்று துடிப்புக் கொடுக்கும் கிரிஸ்டலை மாற்றினேன். பிறகு வேறொன்று மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து நாள் முழுக்க ஓடவிட்டால், ஒரு விநாடிகூடப் பிசகவில்லை! கடிகாரத்துக்கும் எனக்கும் ஜென்மப் பகை என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை அதைத் திரும்ப மாட்டும்போது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் புலம்பினேன். "வீட்டுல ஒழுங்கா ஓடுதுக்கா. இங்க வந்தாத்தான் வம்பு பண்ணுது. கரண்ட் பத்தலையோ என்னமோ. நாள் முழுக்க லைட்ட எரிய விடுறீங்களா?"

"ஐயோ, இல்ல தம்பி. பிள்ளைங்க அழுதாத்தான் போடுவேன். உங்க மக இருக்காளே, அவதான் அதிகமாப் போட வைக்கிறா."

நான் ஏணியிலிருந்து விறுவிறுவென்று இறங்கினேன். வீட்டில் நான் விளக்குகளை மாட்டவே இல்லை! விளக்கைப் போடச் சொல்லிவிட்டுப் போனைக் கையில் பிடித்தேன். போனில் அறுபது விநாடி. கடிகாரத்தில் ஐம்பத்து மூன்று. "மாட்டிக்கிச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் தூங்கிய பிள்ளைகளெல்லாம் எழுந்து அழுதன. அக்கா திட்டியது எதுவும் காதில் விழவில்லை.

விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் நேரத்தில் அந்தச் சின்ன மூளை வேறெதையும் கவனிக்காது. விநாடி எண்ணுவதைக்கூடத் தவறவிடும். என் மகள் பசியில் அழுதாள், விளக்கு ஓடியது, கடிகாரம் பின்தங்கியது, அம்மா வருவது பிந்தியது, அவள் இன்னும் அழுதாள். அவளைச் சிரிக்க வைக்க நான் மாட்டிய விளக்கே அவள் பாலைத் தள்ளிப்போட்டிருக்கிறது. சந்தோஷத்தின் நடுவே வெட்கமாகவும் இருந்தது.

அன்றே பதுளைக்கு ஓடி, நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும் தனிச் சில்லு ஒன்று வாங்கி வந்தேன். தனி பேட்டரி அதற்கு. இனி மூளை தானாக எண்ண வேண்டாம். அந்தச் சில்லிடம் கேட்டுக் காட்டினால் போதும்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் பிள்ளைக்காம்பரா வாசலிலேயே உட்கார்ந்தேன். ஒன்பதரைக்கு மகள் ஆரம்பித்தாள். அக்கா விளக்கைப் போட்டார். நான் போனையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே பத்தைத் தொட்டன.

மலையில் ஒரு கூடை கீழே இறங்கத் தொடங்கியது. மூச்சிரைக்க வந்த மனைவி பிள்ளையை அள்ளி மடியில் போட்டாள். அழுகை நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"இன்னைக்கு யாரும் கூப்பிடலங்க. நானே பாத்துட்டு வந்தேன்."