வறுத்த மல்லாட்டை

மாமா எனக்கு அவித்த மல்லாட்டை கொண்டுவந்ததே இல்லை என்கிற குறை எனக்கு இருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி; மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ரயிலில் மல்லாட்டை விற்பார். கூடை நிறைய அவித்தது மணக்கும். எனக்கென்று எடுத்துத் தருவதோ வறுத்த மல்லாட்டைப் பொட்டலம்.

அப்போது புத்தகம் என்றாலே எனக்கு வேப்பங்காய். அம்மா கெஞ்சியும் பார்த்தாள், அடித்தும் பார்த்தாள். நான் மசியவில்லை.

ஒருநாள் தின்று முடித்துப் பொழுது போகாமல் பொட்டலக் காகிதத்தைப் பார்த்தேன். கடலுக்குப் போய்த் திரும்பாத அண்ணனைத் தேடி ஒரு பெண் படகேறுகிறாள். அலை புரட்டுகிற இடத்தில் தாள் முடிந்துவிட்டது. மறுநாள் பொட்டலத்தைப் பிரித்தால் அதே படகு, அதே அலை! எனக்குத்தான் எத்தனை அதிர்ஷ்டம் என்று பூரித்துப்போனேன். அதன்பின் மல்லாட்டையை முறத்தில் கொட்டிவிட்டுத் தாளைத்தான் முதலில் படிப்பேன். மாமா ஒன்றும் தெரியாதவர்போலப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன ஆச்சு என்று கேட்பார். மூச்சுவிடாமல் சொல்வேன்.

கடைசியில் அந்தப் பெண் ஒரு தீவில் கரையேறினாள். தூரத்தில் ஒருவன் வலை பின்னிக்கொண்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. அன்றைக்கென்று பார்த்து எனக்கு அவித்ததன்மேல் ஆசை வந்து தொலைத்தது. நாளைக்கு அதுதான் வேண்டும் என்று மாமாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"வாணாம் பாப்பா, தாளு ஈரமாயிப் பூடும்" என்றார். நான் விடவில்லை.

மறுநாள் கொண்டுவந்தார். உள்ளே வாழையிலைத் துண்டு வைத்துத்தான் மடித்திருந்தார். சுடச்சுட, உப்பும் சாறுமாய், அப்படியொரு ருசி! தின்றுவிட்டுத் தாளைப் பிரித்தால் அது கூழாகி விரலோடு பிய்ந்து வந்தது. அவன் அண்ணன்தானா என்று கேட்டு ஊரைக் கூட்டினேன்.

"அழுவாத. வேற ஒண்ணு வாங்கியாறேன், நீயே படிச்சிப் பாரு."

அந்த மாதமே ரயிலில் விற்பவர்களுக்குக் கெடுபிடி வந்தது. மாமா கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனார். கொஞ்ச நாள் தகவல் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. சாயங்கால ரயில் கூவினால் அம்மா இன்றும் வாசலைப் பார்க்கிறாள்.

நூலகத்தில் கடல் கதை எதையும் நான் விட்டதில்லை. அந்தத் தீவு மட்டும் கிடைக்கவில்லை. பெரியவளாகி, ரயிலில் வாங்கிய பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபிறகுதான் உறைத்தது. ஒன்றில் கேள்வித்தாள், ஒன்றில் கல்யாணப் பத்திரிகை. பொட்டலக் காகிதம் எங்கேயாவது வரிசைப்படி வருமா? ஒரு முழுப் புத்தகத்தை வாங்கி, எனக்காகத் தாள் தாளாகக் கிழித்திருக்கிறார் மனிதர்.

இப்போது என் மகள் புத்தகத்தைக் கண்டால் ஓடுகிறாள். தினமும் ஒரு தாளைக் கிழித்துப் பொட்டலம் மடிக்கிறேன். நேற்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவிச்சது வாங்கியாரவே மாட்டியாம்மா?"