கோட்டை மேட்டில் பின்னாலேயே வந்தவர்

தாயில்பட்டி பக்கம் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கிறேன். ஜப்பானில் வேலை பார்க்கும் மகள் செல்வியைப் பார்க்கப் போயிருந்தபோது, மலையுச்சியில் இடிந்து கிடக்கும் ஒரு பழைய கோட்டைக்கு அழைத்துப் போனாள். கல் அடித்தளம் மட்டும்தான் மிச்சம். சுற்றிலும் காய்ந்த புல்.

ஏறத் தொடங்கியதிலிருந்தே ஒரு கிழவர் எங்கள் பின்னாலேயே வந்தார். நாங்கள் நின்றால் அவரும் நின்றார்.

"ஆளு சரியில்ல தாயி, பையை இறுக்கிப் பிடிச்சுக்கோ" என்றேன்.

உச்சியில் அவர் ஒரு சரவெடியையும் லைட்டரையும் வெளியே எடுத்தார். கம்பெனி வாசலில் எவரிடம் தீப்பெட்டி இருந்தாலும் பிடுங்குவதுதான் என் முதல் வேலை. பாய்ந்து லைட்டரைப் பறித்துவிட்டேன். அவர் பதறிப்போய் ஏதோ சொல்லிப் புதரைக் காட்டினார்.

அவர் பேச்சு புரிந்த செல்வி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அங்கன கரடி நிக்குதாம்! வெடிச் சத்தத்துக்குத்தான் ஓடுமாம். நமக்குத் துணையாத்தான் வந்திருக்காக. குடுத்திருங்கப்பா!"

கொடுத்தேன். கல்தளத்தில் வைத்துக் கொளுத்தினார். கறுப்பாய் ஒன்று சரிவில் இறங்கி ஓடியது.

இப்போதெல்லாம் யாராவது பின்னால் வந்தால், சந்தேகப்படுவதற்கு முன் நின்று என்ன விஷயமென்று கேட்டுவிடுகிறேன். வெடிச் சத்தம் கேட்டாலே யாருக்கு என்ன ஆச்சோ என்று ஓடுகிறவன் நான். அன்றைக்கு ஒருநாள்தான் அதைக் கேட்டு நிம்மதியாக மூச்சுவிட்டேன்.